எனக்கு முன்னால் கிளம்பிய பெட்டி

நாடு கடத்தப்பட்டவன் என்று என்னைப் பற்றிச் சொன்னால் கேட்பவர்கள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அரசியலோ, தங்கக் கடத்தலோ, குறைந்தபட்சம் ஒரு பெண் விவகாரமோ வரப்போகிறது என்று எதிர்பார்ப்பு. காரணம் ஒரு தகரப் பெட்டி என்றதும் நாற்காலிகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. ஆகவே சொல்வதை நிறுத்திவிட்டு எழுதி வைக்கிறேன். படிப்பவர்கள் நாற்காலியை நகர்த்தினால் எனக்குத் தெரியப்போவதில்லை.

தனுஷ்கோடி வரை ரயில் போய்க்கொண்டிருந்த காலம் அது. எனக்கு இருபத்தேழு வயது. திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். நூலைப் பனியனாக்க அங்கே முப்பது பேர் இருந்தார்கள். பனியனுக்காக மன்னிப்புக் கேட்க நான் ஒருவன். எங்கள் சரக்கு கல்கத்தாவுக்கும் போனது, கொழும்புக்கும் போனது. கல்கத்தாக்காரர்கள் குறை இருந்தால் திட்டி எழுதிவிட்டு அடுத்த பண்டலுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கொழும்புக்காரர்கள் மரியாதையாக எழுதிவிட்டு ஆர்டரை நிறுத்தினார்கள். முப்பத்தாறு என்று முத்திரை குத்திய பனியன் முதல் துவைப்பில் முப்பத்திரண்டாகி, மூன்றாவது துவைப்பில் வாங்கியவருடைய மகனுக்குக் கச்சிதமாகப் பொருந்துவதாகவும், வாங்கியவருக்கு மகன் இல்லாதபடியால் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் ஒரு வியாபாரி எழுதியிருந்தார்.

இப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பதில் எழுதி எழுதி மன்னிப்புக் கேட்பதில் எனக்கென்று ஒரு நடை அமைந்துவிட்டது. இலக்கியம் படித்தவன் ஆகையால் கொஞ்சம் நீளமாகவே மன்னிப்புக் கேட்பேன். ஒரு கட்டத்தில் கொழும்பிலிருந்து, இனிமேல் கடிதம் வேண்டாம் என்று ஒரு கடிதம் வந்தது. முதலாளி யோசித்தார். கடைசியில், காகிதத்தை அனுப்புவதற்குப் பதில் ஆளையே அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, கடல் பயம் வேறு. நான் போவதென்று ஆயிற்று.

அப்போது இலங்கைக்கு மட்டும் செல்லுபடியாகிற பாஸ்போர்ட் என்று ஒன்று கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு உலகத்தில் வேறெங்கும் போக முடியாது. ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைத்தது போல எனக்கு அது பொருந்தியது. உள்ளே ஊதா மையில் விசா. முப்பது நாள். வேலை பார்க்கக் கூடாது, சம்பளம் வாங்கக் கூடாது, முப்பது நாளுக்கு மேல் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. முதல் இரண்டும் கம்பெனியில் ஓரளவு பழகியவைதான். மூன்றாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்று இருந்தேன்.

அதை நினைவில் வைக்க வேறொரு காரணமும் இருந்தது. விசா ஒரு புதன்கிழமையோடு முடிகிறது. அதற்கு நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், பொங்கலூரில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். கட்டினால்தான் பெண் மணமேடைக்கு வரலாம். மாமன் இல்லாவிட்டால் முறையில் வேறு யாரையாவது நிறுத்திக் கட்டிவிடுவார்கள். கல்யாணம் ஒன்றும் நின்றுபோகாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதிலேயே என் அக்கா போய்விட்டாள். தாய் வீட்டுப் பக்கம் என்று அந்தப் பந்தலில் நிற்க நான் ஒருவன்தான் மிச்சம்.

புறப்படும் முன் சொல்லிக்கொள்ளப் போனபோது அவள் முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏனுங்க மாமா, முப்பது நாளைக்கு மேல அங்க இருக்க உட மாட்டாங்களாமா?"

"ஆமா கண்ணு. ஒரு நாள் சேந்தாலும் புடிச்சு உள்ள வெச்சுருவாங்க."

"அப்பச் செரி," என்றாள். பத்திரிகையில் என் பெயரைப் போட்டாயிற்று, இனி கவலையில்லை என்பது போல இருந்தது அவள் குரல்.

அவளுடைய அப்பா, என் மச்சான், பஞ்சாங்கம் பார்க்காமல் வாசற்படி தாண்டாதவர். இதை வைத்து நான் அவரை ரொம்ப நாள் கேலி செய்திருக்கிறேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். அக்காவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டி ஏற்றிக்கொண்டு போனது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் பயணம் ஆகாது என்பார்கள். அவசரத்தில் அவர் பார்க்கவில்லை. அக்கா திரும்பவில்லை. அதன் பிறகு உரம் வாங்கப் பல்லடம் போவதற்கும் அவருக்குத் திசை, ஓரை எல்லாம் வேண்டும். அவரிடம் மருத்துவ விஞ்ஞானம் பேச எனக்கு வாய் வரவில்லை.

கொழும்பில் எங்கள் ஊர்க்காரரான பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். காதர்பேட்டையில் அவருடைய தம்பிமாருக்கு எங்கள் கம்பெனிக்குப் பக்கத்தில் கடை. மூன்று தலைமுறையாகப் போய்வந்து கொண்டிருந்ததால் அவரிடம் முறையான காகிதம் இருந்தது. கீழே கடை, மேலே சாமான் அறை, பின்னால் சமையலறை. சாமான் அறையில் எனக்கு ஒரு பாய் விரித்துக் கொடுத்தார்கள்.

காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு கடை என்று மன்னிப்புக் கேட்டேன். நேரில் கேட்கும் மன்னிப்புக்குக் கடிதத்தைவிட மதிப்பு அதிகம் என்று தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவன் வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆர்டரும் மெல்லக் கிளம்பியது. ஊருக்கு எழுதினேன். முதலாளி பதில் எழுதினார்: இனி வருஷத்துக்கு இரண்டு முறை நீயே போய்வா, பிறகு பாய் கடையில் உனக்கென்று ஒரு மேசை போட ஏற்பாடு செய்கிறேன். கடற்கரையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஊரில், கடல் காற்றில், எனக்கென்று ஒரு மேசை. திருப்பூரில் எனக்கு இருந்தது அரை மேசை. மற்ற அரையில் நூல் கண்டுகள் இருக்கும்.

பாய் கடையின் சமையல்காரர் பல்லடத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். அவரும் முப்பது நாள் விசாவில் வந்தவர்தான். வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. முதல் மாதம் முடியும்போது காய்ச்சல் வந்து படுத்திருக்கிறார். எழுந்தபோது தேதி தாண்டியிருந்தது. நீட்டிக்கச் சொல்லி மனுப் போட்டால் போடலாம். ஆனால் அந்த மனுவிலேயே, நீ எங்கே இருக்கிறாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஒளிந்துகொண்டார். ஒரு மாதம் ஒளிந்தவன் அடுத்த மாதம் வெளியே வந்தால் இரண்டு மாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படியே ஏழு வருஷம் சேர்ந்துவிட்டது. பாய் அவருக்கு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாராம், நேராகப் போய் ஒப்புக்கொள், பத்து நாளோ பதினைந்து நாளோ உள்ளே வைத்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று. அந்தப் பத்து நாளை நினைத்துப் பயந்து அவர் இரண்டாயிரம் நாளுக்கு மேல் சமையலறையில் இருந்தார். தெருவுக்கு வருவது இருட்டின பிறகுதான். ஊரில் அவருடைய அப்பா இறந்த செய்தி வந்தபோது அடுப்பங்கரையில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டாராம்.

அவர் எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான். "அந்தப் புஸ்தகத்த இடுப்புலயே வெச்சுக்குங்க. குளிக்கறப்பவும் கண்ணுல படறாப்புல வெய்யுங்க."

நான் சிரித்தேன். எனக்கு என்ன பயம், என் தேதி இன்னும் இருக்கிறதே என்றேன்.

விசா முடிய ஒரு வாரம் இருக்கையில் மச்சானின் கடிதம் வந்தது. பயண நாள் எல்லாம் கணித்து எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பிவிடுவது உத்தமம். திங்கள் மரணயோகம், ஆகாது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். கொழும்பிலிருந்து ஊர் வடக்கே. பட்டம் கட்ட வருகிறவன் சூலத்தில் புறப்பட்டு வரக் கூடாது. ஞாயிறு முடியவே முடியாது என்றால் அன்றைக்குப் பரஸ்தானம் வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை கிளம்பினாலும் தோஷமில்லை.

பரஸ்தானம் என்பதை அறியாத இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள் அந்த நாளில் தங்கள் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், போகிற திசையில் இருக்கும் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். பொருள் புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்டது போல. பிறகு ஐந்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். ஐந்து நாள் தாண்டினால் அது காலாவதி. விசாவைப் போலவேதான்.

ஞாயிற்றுக்கிழமை என்னால் கிளம்ப முடியாது. மகன் இல்லாதவரைப் பற்றி எழுதிய அந்த வியாபாரி வெளியூர் போயிருந்தார். செவ்வாய் காலைதான் பார்க்க முடியும். அவர்தான் கொழும்பு ஆர்டரில் பாதி. செவ்வாய் இரவு ரயிலேறினால் புதன் காலை தலைமன்னார் துறை, அங்கிருந்து கப்பல். விசாவுக்குள் முடிந்துவிடும். எனவே பரஸ்தானம்.

பாய்க்கு இது புதிதல்ல. காதர்பேட்டைக்காரருக்கு எல்லார் சடங்கும் தெரியும். கடை ஆள் ஒருவர் ஞாயிறு இரவு தலைமன்னாருக்குச் சரக்கு எடுக்கப் போவதாகவும், அங்கே துறைக்குப் பக்கத்தில் தெரிந்தவருடைய டீக்கடையில் பெட்டியை வைத்துவிடலாம் என்றும் சொன்னார். ஊருக்குப் போகிற வழியில் இதைவிடத் தூரமாக வைக்க வேண்டுமென்றால் கடலில்தான் வைக்க வேண்டும்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மச்சானின் கடிதத்தில் ஒரு வரி: "பிரயாணத்துக்கு எது இல்லாமல் முடியாதோ அதை வைக்கவும்." வழக்கத்தில் இதற்கு ஒரு வேட்டி, ஒரு குடை என்றுதான் அர்த்தம். பள்ளிக்கூடம் போகாத எவனும் குடையை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பான். நான் படித்தவன். வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஆராய்ந்தேன். வேட்டி இல்லாமல் பயணம் போகலாம், சிரமம்தான், ஆனால் முடியும். குடை இல்லாமலும் முடியும். எது இல்லாமல் முடியவே முடியாது?

பாஸ்போர்ட்டை எடுத்துப் பெட்டியில், சாம்பிள் பனியன்களுக்கு அடியில், மடங்காமல் வைத்தேன். அப்போது நான் பகுத்தறிவுப் புத்தகங்கள் படித்துக்கொண்டிருந்த காலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரஸ்தானத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மச்சானுக்காகச் செய்தேன். நம்பாமல் செய்தால் பலன் இருக்காது என்பார்கள். எனக்கு இருந்தது.

பெட்டி ஞாயிற்றுக்கிழமை நல்ல ஓரையில் புறப்பட்டது.

செவ்வாய் காலை அந்த வியாபாரி என்னைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார், ஆர்டர் கொடுத்தார். வெற்றியோடு பாய் கடைக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த சமையல்காரர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். கரண்டியைக் குழம்பிலேயே போட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போனார். நாற்பது வயது ஆள் ஆறடிச் சுவரை ஏறிக் குதித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏழு வருஷப் பழக்கம். தேதி தாண்டியவர்களைத் தேடித் தெருவில் போலீஸ் இறங்கியிருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. குற்றமற்றவன் எப்படிச் சாப்பிடுவானோ அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். முன்னாலேயே போய்விட்டது என்றேன். எங்கே என்றார். ஊருக்கு என்றேன். அவர் என்னைக் கை கழுவச் சொன்னார். அந்த அளவுக்கு மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்.

குடியேற்ற அலுவலகத்தில் நீளமான அறை. பெஞ்சுகளில் என்னைப் போல முப்பது நாளுக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முப்பது நாளை நாலு வருஷமாக்கியவர், இன்னொருவர் ஒன்பது. நான் மட்டும் இன்னும் ஒன்றரை நாள் பாக்கி வைத்திருந்தேன். அதைச் சொன்னபோது அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அதிகாரி யாழ்ப்பாணத்துத் தமிழர். நெற்றியில் விபூதி, மேசையில் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர். நிதானமாகப் பேசினார்.

"பாஸ்போட் எங்கை?"

"தலைமன்னார்லங்க. டீக்கடையில."

"நீர் இஞ்சை. பாஸ்போட் அங்கை. ஏன்?"

விளக்கினேன். ஞாயிறு, திங்கள், சூலம் எல்லாம் சொன்னேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த சிங்களக் குமாஸ்தா பேனாவை மூடி வைத்துவிட்டார். அதிகாரி மட்டும் கடைசி வரை கேட்டார்.

"பரஸ்தானமோ?" என்றார். "எங்கடை அம்மாவும் வைக்கிறவ. குடையைத்தான் வைப்பா."

அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் புரிவது வேறு, விடுவது வேறு. பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்க்காமல் என்னை அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. அன்று பிடிபட்டவர்களில் பாதிப் பேர் தங்கள் பாஸ்போர்ட் வேறு எங்கோ இருப்பதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாயின் ஆள் அன்றிரவே ரயிலேறினார். புதன் காலை தலைமன்னார். இரவு அங்கிருந்து திரும்பும் ரயில். வியாழன் காலை கொழும்பு. ரயிலுக்கு என் விசா தெரியாது.

புதன்கிழமை முழுக்க அந்த அறையில் இருந்தேன். பாய் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். கம்பெனிக்குத் தந்தி கொடுத்துவிட்டதாகச் சொன்னார். சாயங்காலம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் தேதி தாண்டித் தங்கியவன் இல்லை என்பதை நிரூபிப்பதற்காக அரசாங்கம் என்னைப் பத்திரமாக வைத்திருந்தது. வைத்திருந்தபடியே என் தேதி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. பெட்டியில் பாஸ்போர்ட்டை வைத்த கை என்னுடையது. ஊரில் பந்தக்கால் நட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் யாரோ ஒருவர் முன்னால் தலை குனிந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நினைப்பதை நிறுத்திவிட்டுப் பெஞ்சின் பலகைகளை எண்ணினேன்.

வியாழன் காலை பெட்டி வந்தது. டீக்கடைக்காரர் அதன் மேல் பழத்தார் தொங்கவிட்டிருந்தார் போல, மேலே வாழைக்கறை. அதிகாரி முன்னால் திறந்தேன். ஏழு சாம்பிள் பனியன்களை எடுத்து மேசையில் வைத்தேன். அடியில் பாஸ்போர்ட். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி விசாவைப் படித்தார். காலண்டரைப் பார்த்தார். மறுபடி விசாவைப் படித்தார்.

"நேற்று வரைக்கும் நீர் குற்றவாளி இல்லை. ஆனால் காட்டுறதுக்குக் கடுதாசி இல்லை," என்றார். "இண்டைக்குக் கடுதாசி இருக்கு. குற்றமும் இருக்கு."

இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை. பிற்பாடு பல வருஷம் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் போய், அலுவலகத்தில் இருந்தபோதுதான் தேதி தாண்டியது என்று வாதாடலாம். அநேகமாக விட்டுவிடுவார்கள். பெயரில் கறை இருக்காது. பிறகும் வரலாம், போகலாம். இரண்டு, தேதி தாண்டித் தங்கினேன் என்று இப்போதே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடலாம். இன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும். இந்தத் தீவுக்கு மறுபடி விசா கிடைக்காது.

பாய் என்னைத் தனியே அழைத்துப்போனார். "தம்பி, திங்கக்கெழம வரைக்கும் பொறுத்துக்குங்க. நல்ல வக்கீல் இருக்கறாரு. உங்க பேரு சுத்தமாயிரும். மேசை போடறதுக்கு எடமே பாத்து வெச்சுட்டனுங்க."

மேசை எங்கே போடுவதாக இருந்தார் என்று கேட்டேன். ஜன்னலோரம் என்றார். கேட்டிருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றேன். அவருக்கு அது தெரியும். இருந்தும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். வியாபாரி என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு தோளைத் தட்டிவிட்டு, "போய்க் கட்டுங்க," என்றார்.

ஒப்புதல் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. சிங்களக் குமாஸ்தாவுக்குப் பரஸ்தானத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதிகாரிக்கும் தெரியவில்லை. நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். பழக்கம் விடவில்லை, ஒன்றரைப் பக்கம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதிகாரி படித்துப் பார்த்து, நான் எழுதிய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், ஆனால் அரசாங்கத்துக்கு இவ்வளவு தேவையில்லை என்று மூன்று வரியை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட்டார். கையெழுத்துப் போட்டேன். அவர் முத்திரையை மையில் ஒற்றி, ஒரு கணம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேரத்தைப் பார்த்தார்.

"இப்ப ராகுகாலம். ஒரு அரை மணித்தியாலம் இரும்," என்றார்.

அரை மணி நேரம் கழித்துக் குத்தினார். வியாழன் சாயங்காலம் ஒரு கான்ஸ்டபிள் துணையோடு, அரசாங்க டிக்கெட்டில் ரயிலேற்றப்பட்டேன். வடக்கே சூலம் இல்லாத நாள். மச்சானே உட்கார்ந்து குறித்திருந்தாலும் இதைவிட நல்ல நேரம் அமைந்திருக்காது. பஞ்சாங்கப்படி என் பரஸ்தானத்துக்கும் இன்னும் கெடு இருந்தது.

ரயில் நிலையத்துக்குப் பாய் வந்திருந்தார். சமையல்காரர் வர முடியாது. ஆனால் பொட்டலத்தில் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார். ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். பாய் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "'குடுத்து வெச்ச மகராசன், புடிச்சுட்டாங்க'ன்னாருங்க."

புளிச்சோறு நன்றாக இருந்தது. கான்ஸ்டபிளும் சாப்பிட்டார்.

கப்பல், தனுஷ்கோடி, இரவு ரயில், திருச்சி, ஈரோடு. சனிக்கிழமை மாலை திருப்பூரில் இறங்கி நேரே பொங்கலூர் பஸ்ஸைப் பிடித்தேன். பந்தலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சான் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, எப்போது புறப்பட்டாய் என்பதுதான். வியாழக்கிழமை, ராகுகாலம் கழித்து என்றேன். அவர் முகம் தெளிந்தது. "மாப்ள படிச்சவன், ஆனாலும் சொன்னாக் கேப்பான்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

முதலாளியின் கோபம் எனக்கு அடுத்த வாரம் கிடைத்தது. கொழும்புக்கு வேறு ஆளைத் தேடினார், கிடைக்கவில்லை. அந்த ஆர்டர்கள் மெல்ல வேறு கம்பெனிக்குப் போயின. நூல் கண்டுகளோடு பாதி மேசையில் இன்னும் பதினோரு வருஷம் உட்கார்ந்தேன். கல்கத்தாவுக்கு மட்டும் மன்னிப்பு எழுதினேன். அவர்கள் யாரும் படிப்பதில்லை. அந்தப் பாஸ்போர்ட்டில் வேறு முத்திரை எதுவும் விழவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், பந்தலுக்கு நான் வந்துவிட்டேன் என்பதுதான். இன்னொன்றும் தெரியாது. தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி வியாழக்கிழமையே பொங்கலூருக்கு வந்திருக்கிறார். மச்சானிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பெண்ணைக் கூப்பிட்டு, உன் மாமனைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம், அப்பாவிடம் பக்குவமாகச் சொல் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்காமல் போய்விட்டார். அவள் சொல்லவில்லை. அப்பாவிடமும் இல்லை, வேறு யாரிடமும் இல்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் மஞ்சள் பூசிக்கொண்டு, வந்தவர்களுக்குச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஞாயிறு காலை அவளை மனைப்பலகையில் நிறுத்தினார்கள். தட்டில் பட்டத்தை வைத்து என்னிடம் நீட்டினார்கள். மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் மஞ்சள் நூல். நெற்றியில் வைத்துப் பின்னால் முடிச்சுப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. முடிச்சு நழுவியது. மறுபடி போட்டேன். மறுபடி நழுவியது. கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். பனியன் பண்டலுக்கு முடிச்சுப் போடத் தெரிந்த மாமனுக்குப் பட்டத்துக்குத் தெரியவில்லை என்றாள் ஒருத்தி.

குனிந்த தலை நிமிராமல் அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அடிச்சாங்களா மாமா?"

அப்போதுதான் அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

"இல்ல கண்ணு. டீ வாங்கிக் குடுத்தாங்க."

"அப்பறம் எதுக்குங்க முடிச்சு இப்பிடி நழுவுது?"

ஈரமான அவள் கூந்தலுக்குக் கீழே நூலின் இரண்டு முனைகளையும் தேடிக்கொண்டிருந்தேன். மேளக்காரர் என்னைப் பார்த்தார். மச்சான் வெயிலைப் பார்த்தார்.

"மொள்ளக் கட்டுங்க மாமா," என்றாள். "நேரமிருக்குதுங்க."